கரண்டியக்காவின் சமையற்கூடத்தைப் பூட்டியவன் பேசுகிறேன்

இந்த அவையின் தலைமை இருக்கைக்குத் தகுதியால் அழகு சேர்க்கும் பள்ளித் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! வீடு வீடாக நாற்காலி இரவல் கேட்டு இந்தக் கூட்டத்தைக் கூட்டியிருக்கும் சமையல் தொழிலாளர் சங்கத் தோழர்களே! வயதால் மூத்த, வாழ்வால் முதிர்ந்த பெரியோர்களே! காலையில் அடுப்பை மூட்டி, மாலையில் அதே அடுப்பை அணைத்து, இடையில் தாம் உண்டோமா என்பதையே மறந்துபோகும் தாய்மார்களே! இடமில்லாமல் சுவரோடு சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! முதல் வரிசையில், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து அமர்ந்திருக்கும் கடிகாரக்காரர் ஐயா அவர்களே! அவர் அருகில் என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய மகள், கணக்கு டீச்சர் அவர்களே! உங்கள் அனைவரின் முன்னாலும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

என்னை அறிமுகம் செய்த தோழர் அன்பின் மிகுதியால், "நோயின் வேரைத் தேடிப் பிடித்த வீரர்" என்று சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் வேரைப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு பூவைப் பறித்துப் போட்டவன்.

பின்னாலிருந்து யாரோ "சத்தமா பேசுங்க" என்கிறீர்கள். பேசுகிறேன் ஐயா. சத்தமாகப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் தொழில் என்ன? சுகாதார அலுவலகத்தில் நோய் விசாரிப்பவன். ஒரே ஊரில் ஒரே மாதிரி நாலு பேருக்கு வயிறு கெட்டால், அந்த நாலு பேரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, "கடந்த பதினான்கு நாட்களில் என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பது என் பிழைப்பு. சிரிக்கிறீர்கள். கேட்டுப் பார்த்தால்தான் தெரியும் அதன் பாடு! நேற்று மதியம் உண்டது நமக்கு நினைவிருக்கிறதா? ஒரு கணவர் பக்கத்தில் மனைவி இருப்பதால், "வீட்டுச் சாப்பாடு மட்டும்தாங்க" என்பார். பத்து நிமிடம் கழித்து அவரே மாடிப்படியில் நின்று அழைத்து, "சார், சாயங்காலம் கடையில தின்னதையும் எழுதிக்கோங்க, வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்பார். இன்னொரு வீட்டில் அம்மா ஒன்று சொல்ல, அப்பா வேறொன்று சொல்ல, தொலைபேசிக்குள்ளேயே ஒரு குடும்பச் சண்டை நடந்து முடியும். இப்படிப் பலர் வாயிலிருந்து விழும் பருக்கைகளைப் பொறுக்கிச் சேர்த்து, எல்லோர் தட்டிலும் இருந்த ஒரே பொருள் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினாறு ஆண்டுகள் அதைச் செய்தேன். செய்யத் தெரியும் என்று செருக்கும் கொண்டேன்.

அந்தச் செருக்கோடுதான், தோழர்களே, போன வருடம் மழை தொடங்கிய வாரத்தில் ஒரு பட்டியலைக் கையில் வாங்கினேன்.

பட்டியலைக் கொடுத்தது இந்த ஊர்ப் பள்ளியின் அலுவலகம். பள்ளியின் ஆண்டுவிழா விருந்து இதே மண்டபத்தில் நடந்தது. நீங்கள் இப்போது அமர்ந்திருக்கும் இடத்தில்தான் இருநூறு இலை... இல்லை, இருநூறு தட்டு விழுந்தது. விருந்து முடிந்து ஒரு வாரம் ஆனதும் ஒருவர் பின் ஒருவராகப் பன்னிரண்டு பேர் படுத்தார்கள். தண்ணீர் தண்ணீராகப் போகிறது, பசி இல்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இரண்டு நாளில் நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. ஒரு நாள் நன்றாக இருந்து மறுநாள் மறுபடி தொடங்குகிறது. பன்னிரண்டு பேருக்கும் பொதுவான ஒன்று எது? விருந்து. விருந்தைச் சமைத்தது யார்? கரண்டியக்கா.

கரண்டியக்காவை நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுமா? இந்த ஊரில் அவர் கையால் உண்ணாத வாய் எது? அவர் கொதிக்கவிட்ட சூப்பு மணக்காத தெரு எது? மகள் பட்டம் வாங்கிய அன்று எடுத்த புகைப்படத்தில்கூட அந்த அம்மா கையில் கரண்டியோடு நிற்கிறார் என்று கேள்விப்பட்டேன். ஆமாம் என்று டீச்சர் தலையசைக்கிறார். விழாவுக்கு நேராக அடுப்படியிலிருந்து ஓடியிருக்கிறார். கையில் இருந்ததை வைக்க மறந்திருக்கிறார்.

அவருடைய சமையற்கூடத்துக்குள் நான் நுழைந்தது ஒரு வியாழக்கிழமை காலை. தோள் உயரம்வரை வெள்ளை ஓடு பதித்த சுவர். அதில் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகத் தொங்கும் கரண்டிகள். காய்க்கு ஒரு பலகை, இறைச்சிக்கு ஒரு பலகை. மாறிவிடக் கூடாது என்று பலகையின் ஓரத்தில் ஆணியால் கீறிய அடையாளம். கை கழுவும் இடத்தில் சோப்பு, அதன் பக்கத்தில் உலர்ந்த துண்டு. எவ்வளவோ சமையற்கூடம் பார்த்தவன் நான். அவ்வளவு சுத்தத்தை அதிகம் பார்த்ததில்லை.

அந்த அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தம்பி. செருப்பை மட்டும் வெளியில விட்டுடுங்க. இது சமைக்கிற இடம்."

சுத்தத்தைச் சோதிக்க வந்தவன் செருப்போடு உள்ளே நின்றுகொண்டிருந்தேன்! வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை, படிவத்தை விரித்தேன். சமைப்பவர்களில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டேன். மகள், அதோ அந்த டீச்சர், அம்மாவைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். அம்மா அதைத் தள்ளிவிட்டார்.

"நோய் விசாரிக்க வந்தவங்ககிட்ட மறைக்கலாமாடி? எனக்கே இருக்கு தம்பி. விருந்துக்கு அஞ்சு நாள் முன்னாடி ஆரம்பிச்சது, இன்னும் விட்ட பாடில்ல. அதனாலதான் அன்னிக்கு நான் ஒரு பாத்திரத்தைக்கூட தொடல. அந்த வாசப்படிக்கு வெளியில நாற்காலி போட்டு உக்காந்து, வாயால சொல்லச் சொல்ல, பொண்ணுங்கதான் சமைச்சாங்க."

இதைவிட நேர்மையான ஒரு வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை. அதை என்ன செய்தேன் தெரியுமா? படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: சமைப்பவருக்கு நோய் உண்டா? "ஆம்" என்று எழுதினேன். அவர் பாத்திரத்தைத் தொடவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் உண்மையும் இல்லாமல் போனது.

மறுநாள் காலை அவர் கதவில் அறிவிப்பு ஒட்டினேன். "நோயுற்ற சமையலாளரால் உணவு மாசுபட்டதாகக் கருதப்படுவதால் இந்தச் சமையற்கூடம் மூடப்படுகிறது." கீழே என் கையெழுத்து. பூட்டுக்கு மேல் முத்திரை. அந்த அம்மா பக்கத்தில் நின்று, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தம்பி, 'கருதப்படுவதால்'னா என்ன அர்த்தம்? தெரிஞ்சிடுச்சுன்னா, தெரியலைன்னா?"

"விசாரணையில இருக்குன்னு அர்த்தம்மா."

"அப்ப விசாரணை முடிஞ்ச பிறகு ஒட்டலாமே?"

பசை காய்வதற்குள் நான் அங்கிருந்து போய்விட்டேன்.

அதன்பின் நடந்ததை நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா? நானே சொல்கிறேன். நான் உங்களைக் குறை சொல்ல வரவில்லை. நீங்கள் நம்பியது என் கையெழுத்தை. அன்று மதியத்துக்குள் அந்த அறிவிப்பின் படம் ஊரில் எல்லோர் தொலைபேசிக்கும் போய்விட்டது. மறுநாள் காய்கறிக் கடையில் பையை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்கள். அவர் வீட்டிலிருந்து மகள் கொடுத்தனுப்பிய பாத்திரம் மூடி திறக்கப்படாமல் திரும்பி வந்தது. மருத்துவமனைக்குப் போனார், நீள இருக்கையில் உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்த மூன்று பேர் எழுந்து எதிர்ச்சுவரோரம் போய் நின்றார்கள். அவரும் எழுந்தார். வீட்டுக்கு வந்து கணவரிடம், "கூட்டமா இருந்துச்சு, நாளைக்குப் போறேன்" என்றார். அந்த நாளை வரவில்லை. பல வருடச் சர்க்கரை நோயில் அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே பாதி சோர்ந்திருந்தது. உடம்பில் இருந்த நீரெல்லாம் நாள்தோறும் வடிந்துகொண்டிருந்தது. நாணத்தால் ஒரு மனிதர் தன் நோயை மறைத்தார். அந்த நாணத்தை அவருக்குக் கொடுத்தவன் யார்? நான்!

அதே வாரத்தில் எனக்குப் பதின்மூன்றாவது நோயாளியின் எண் வந்தது. அவர் ஒரு லாரி ஓட்டுநர். பள்ளி விருந்தில் என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"விருந்தா? எனக்கு யாரு சார் விருந்து வெச்சா? இருபது நாளா கட்டிலுக்கும் கக்கூஸுக்கும்தான் லாரி ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

இருபது நாள் என்றால் என்ன பொருள்? விருந்து நடந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அவருக்கு நோய் வந்துவிட்டது! ஒரு சின்னப் பிள்ளை கூட்டிக் கழித்திருந்தாலும் என் கணக்குத் தப்பு என்று சொல்லியிருக்கும். நான் அவர் பெயருக்கு நேரே "தொடர்பில்லை" என்று எழுதினேன். பதினான்காவது, தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு கர்ப்பிணி. அவரும் விருந்துக்கு வரவில்லை. அவருக்கு நேரேயும் "தொடர்பில்லை." விருந்துக்கு வந்தவர்களை மட்டுமே கேட்டேன், விருந்து மட்டுமே விடையாக வந்தது. மற்ற விடைகள் தாமாக வந்து கதவைத் தட்டியபோது, கதவைச் சாத்தினேன். மூன்று நாட்கள், அவையோரே, மூன்று முழு நாட்கள் அந்த இரண்டு பெயர்களும் என் மேசையில் கிடந்தன.

நான்காம் நாள் மருத்துவமனை ஆய்வகத்து அம்மா என்னைக் கூப்பிட்டார். அவர் பேச்சு குறைவு, பார்வை கூர்மை. ஜெனரேட்டர் ஓடும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை; விளக்கை அணைத்துவிட்டு என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். கருப்பின் நடுவே வட்ட வட்டமாக நீல ஒளி. அழகாக இருந்தது. ஆளைக் கொல்வது அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"இது ஒட்டுண்ணி சார். வழக்கமான சோதனையில அகப்படாது. யாரும் கேக்கலைன்னா நாங்களும் பார்க்க மாட்டோம். பன்னெண்டு பேருக்கும் 'ஒண்ணுமில்ல'ன்னு வந்ததும் எனக்கு மனசு கேக்கல. வேற வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன்."

"சமையல்காரம்மாவுக்கும் இது இருக்கா?"

"அவங்க பொண்ணு கொண்டு வந்து குடுத்தாங்க. இருக்கு."

"அப்ப அவங்ககிட்டருந்துதான்..."

ஆய்வகத்து அம்மா விளக்கைப் போட்டார். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "இல்ல சார். இது மனுஷன் உடம்புலேருந்து வெளிய வந்த உடனே யாரையும் ஒண்ணும் பண்ணாது. மண்ணுலயோ தண்ணியிலயோ ஒரு வாரம் பத்து நாள் கிடந்து முத்தணும். அப்புறம்தான் அது நோய். ஒருத்தர் கையிலருந்து அன்னிக்கே அடுத்தவங்க தட்டுக்குப் போக வழியே இல்ல. நீங்க 'தொடர்பில்லை'ன்னு எழுதின லாரிக்காரருக்கும் இதேதான். அந்தம்மாவும் அவர் மாதிரிதான். எங்கேயோ வாங்கிக்கிட்டவங்க."

புரிகிறதா உங்களுக்கு? எதைக் குற்றம் என்று எழுதினேனோ அதுவே அவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சி! விருந்து உண்ட எல்லோருக்கும் முன்பே நோயில் விழுந்தவர் அவர். நோயைக் கொடுத்தவர் என்று அவரையே பூட்டினேன்.

ஓடினேன், என் மேலதிகாரியிடம். "அறிவிப்பைக் கிழிக்கணும் சார்" என்றேன். அவர் கெட்டவர் அல்லர், பயந்தவர். "ஆய்வக அறிக்கை கையெழுத்தாகி வரட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. நாளைக்கு மறுபடியும் மாறிச்சுன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்" என்றார். நானும் சரி என்றேன். ஆம், சரி என்றேன்.

அன்று மாலை நாலு மணிக்குத்தான் கரண்டியக்காவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. போனேன். பெண்கள் பகுதி, சன்னல் ஓரக் கட்டில். கையில் ஊசி, கால்மாட்டில் கணவர். என்னைக் கண்டதும் கடிகாரக்காரர் ஐயா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா கண் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சாப்பிட்டவங்க எல்லாம் எழுந்து நடமாடுறாங்களா தம்பி?"

அவையோரே! தன் உயிர் ஒழுகிக்கொண்டிருக்கும்போது தன் கையால் உண்டவர்களின் உயிரை விசாரித்தார்! "நடமாடுறாங்கம்மா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஏதோ என் கையில இருந்திருக்கு போல. தெரியாம நடந்துபோச்சு" என்றார்.

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். "உங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு என்னிடம் இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. கையெழுத்தாகாத அறிக்கையை நினைத்தேன், மேலதிகாரியை நினைத்தேன், என் வேலையை நினைத்தேன். "ஓய்வெடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் காலை அவர் இறந்தார். ஊருக்கே நோய் கொடுத்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டே இறந்தார்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

நன்றி, தோழரே. அறிக்கை இரண்டு நாள் கழித்துக் கையெழுத்தானது. அதற்குரிய மருந்து எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் சாதாரண மாத்திரை. மற்றவர்கள் அதை விழுங்கினார்கள். ஒரே வாரத்தில் எழுந்தார்கள்.

நான் முதலிலிருந்து தொடங்கினேன். அதற்குள் நோயாளிகள் அறுபத்து மூன்று பேராகியிருந்தார்கள். இந்த முறை தொலைபேசியை வைத்துவிட்டு வீடு வீடாகப் போனேன். பட்டியல்களை அடுக்கினேன், கடை ரசீதுகளைக் கேட்டு வாங்கினேன். அறுபத்து மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு பொருளும் அகப்படவில்லை. ஒரு காயும் இல்லை, ஒரு பழமும் இல்லை.

ஒன்பதாம் நாள் லாரி ஓட்டுநர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சூப்பு கொண்டுவந்த அவர் மனைவி, நின்றபடியே எதையோ கிள்ளி அதன் மேல் தூவினார்.

"அது என்னம்மா?"

"எது சார்? இதுவா? கொத்தமல்லி."

"பட்டியல்ல இதைச் சொல்லவே இல்லையே?"

"இதெல்லாம் ஒரு சாப்பாடா சார்? தூவுறதுதானே!"

கையிலிருந்த கடை ரசீதைப் புரட்டிப் பார்த்தேன். "ரசீதுலயும் இல்லையேம்மா?" என்றேன்.

"கொசுறுக்கு யாராவது ரசீது போடுவாங்களா?"

தாய்மார்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை! காய் வாங்கினால் மேலே ஒரு கொத்தாகத் திணித்துக் கொடுப்பார்கள். விலையும் இல்லை, எடையும் இல்லை, எழுத்தும் இல்லை. விலையில்லாமல் வந்ததை நினைவில் வைத்துக்கொள்பவர் யார்? அறுபத்து மூன்று பேரையும் மறுபடி கேட்டேன். ஐம்பத்தெட்டுப் பேர், "ஆமா, அது எப்பவும் இருக்குமே" என்றார்கள். கரண்டியக்காவின் வீட்டில் அந்த மாதம் முழுதும் இருந்தது. விருந்தில், சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, பச்சையாகத் தூவினார்கள். மூன்று முறை கழுவித்தான் தூவினார்கள் என்று அந்தப் பெண்கள் அழுதபடி சொன்னார்கள். நான் நம்புகிறேன். இந்த ஒட்டுண்ணி இலையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டால் மூன்று முறை கழுவினாலும் முழுதாகப் போகாது, கொதியில்தான் சாகும்.

சந்தையில் கீரை விற்பவரைப் பிடித்தேன். அவர் வண்டிக்காரரைக் காட்டினார். வண்டிக்காரர் என்னைத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கினார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. சூரியன் எழுவதற்கு முன்பே குனிந்த நாற்பது பெண்கள். பறித்த கட்டுகள் வாடாமலிருக்கக் கால்வாய்த் தண்ணீரை மொண்டு தெளிக்கிறார்கள். சுற்றிலும் பார்த்தேன். ஒரு கழிப்பறை இல்லை. ஒரு குழாய் இல்லை. ஒரு துண்டு சோப்பு இல்லை.

கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவர் மேற்பார்வையாளர் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு, வாயை அசைக்காமல் பேசினார்.

"நாங்க எங்க சார் போவோம்? இந்தக் கரைதான். நாப்பது பேரும் இந்தக் கரைதான். கை கழுவுறதும் இதே தண்ணிதான். எங்களுக்கும் ரெண்டு மாசமா வயிறு சரியில்ல. ஒரு நாள் வரலைன்னா மறுநாள் வேலைக்கு வேண்டாம்பாங்க. இதை நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. இங்கும் அவரை அடையாளம் காட்ட மாட்டேன். என் பையில் அன்றும் அறிவிப்புத் தாள்கள் இருந்தன. "நோயுற்ற தொழிலாளர்களால்" என்று எழுதி ஒட்டியிருந்தால் என் வேலை அரை மணியில் முடிந்திருக்கும். பசை எடுக்கக் கை போகவில்லை. ஒதுங்க ஓர் இடம் தராதவன் குற்றவாளியா, ஒதுங்க இடமில்லாமல் தவித்தவள் குற்றவாளியா? நம் தட்டுக்கு மணம் சேர்த்தவளுக்கு மானம் காக்க நாலு சுவர் இல்லை என்றால், அந்த மணத்தை நாம் எப்படி முகர்ந்தோம்? தோட்ட உரிமையாளர் பேருக்கு உத்தரவு எழுதினேன். அறுவடை நின்றது. நாற்பது பேருக்கும் மருந்து கொடுத்தோம். ஒரு பெண்ணுக்கும் வேலை போகக் கூடாது என்று எழுத்தில் வாங்கினேன். நாலு மாதத்தில் அங்கே எட்டுக் கழிப்பறைகள் எழுந்தன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குழாயில் வருகிறது. இந்தப் பக்கத்தில் அதன்பின் புதிய நோயாளி ஒருவரும் இல்லை.

கைதட்டுகிறீர்கள். வேண்டாம். இன்னும் முடியவில்லை.

அலுவலகம் ஒரு திருத்தக் கடிதம் அனுப்பியது. "மேற்படி சமையற்கூடம் நோய்க்குக் காரணமன்று எனத் தெரியவருகிறது." ஒரே தாள், ஓர் உறை, ஒரு முகவரி. தபாலில் போட மனமில்லாமல் நானே எடுத்துப் போனேன். கடிகாரக்காரர் ஐயா கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து ஒரு சின்னச் சக்கரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மகள்தான் வாங்கினார். வாசலில் நின்றே படித்தார். மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"சார், நீங்க கதவுல ஒட்டினதை ஊரே படிச்சது. இதை யாரு படிப்பா?"

பிறகு அவரே சொன்னார்:

"எங்கம்மாவுக்குக் கேக்காது. அது முடிஞ்சுபோச்சு. ஊருக்கு காது இருக்குல்ல? அவங்க சமைச்ச அதே மண்டபத்துல, மைக்கைப் பிடிச்சு, வாயால சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எங்களுக்கு."

ஒன்பது மாதம் அனுமதி கேட்டு எழுதினேன். ஒன்பது மாதமும், துறையின் பெயர் கெடும் என்று பதில் வந்தது. ஒரு தாயின் பெயர் கெட்டபோது ஒரு நாளில் கிடைத்த அனுமதி, அதைத் திருத்த ஒன்பது மாதத்திலும் கிடைக்கவில்லை! ஆகவே இன்று நான் அதிகாரியாக வரவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. நடக்கட்டும்.

நிமிர்ந்து நிற்கிறேன். பின்வரிசைக்குக் கேட்கிறதா? தெருவுக்குக் கேட்கிறதா? ஒலிபெருக்கித் தோழரே, இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்.

கரண்டியக்கா யாருக்கும் நோய் கொடுக்கவில்லை. அவர் கை சுத்தம். அவர் பாத்திரம் சுத்தம். அவர் சொன்ன சொல்லும் சுத்தம். நோயோடு இருந்தபோது வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் பிள்ளைகளைக் காத்தவர் அவர். தவறு என்னுடையது. அவசரம் என்னுடையது. மருத்துவமனையில் வாய் மூடிய கோழைத்தனமும் என்னுடையது.

கடிகாரக்காரர் ஐயா, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், கொடுப்பதா வேண்டாமா என்ற பாரத்தையும் உங்கள் தலையில் ஏற்றியவன் ஆவேன். உங்கள் வீட்டில் எனக்கு அந்த உரிமை இல்லை.

ஊராரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அறிவிப்பின் படத்தை ஒரே மதியத்தில் ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள் அல்லவா? இன்று நான் சொன்னதையும் அதே வேகத்தில் கொண்டுபோங்கள். பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். கடையில் சொல்லுங்கள். மருத்துவமனை இருக்கையில் அந்த அம்மாவை விட்டு எழுந்து போன மூன்று பேர் இந்த அவையில் இருந்தால், அவர்களும் வீட்டில் சொல்லட்டும். இனி ஒருவர் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று உண்மை சொல்லும்போது, அவர் பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள்.

இந்த மேடையைத் தந்த சங்கத் தோழர்களுக்கும், என் பேச்சைக் கல்லெறியாமல் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், என்னை இங்கே வரவழைத்த டீச்சர் அவர்களுக்கும் என் நன்றி. இறங்குகிறேன். யாரும் கைதட்ட வேண்டாம். எழுந்து நின்று, அந்த அம்மாவின் உண்மைப் பெயரை ஒருமுறை மனத்துக்குள் சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

வணக்கம்.